கிணற்றைக் கேட்டுச் சிரித்தவள்

அவள் சிரிப்பதற்கு முன்னால் அனுமதி கேட்பாள். வகுப்பில் தமிழம்மா ஏதாவது சொல்லி, நாங்கள் நாற்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருப்போம். அவள் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு, "மிஸ், இதுக்கு சிரிச்சுக்கவா?" என்று நிற்பாள். முதல் தடவை தமிழம்மா அதைத் திமிர் என்று நினைத்து வெளியே அனுப்பிவிட்டார். வெளியே போய்ச் சிரித்தாள். வராந்தாவில் இருந்த குடிநீர்த் தொட்டி தானாக நிரம்பி வழிந்து தலைமை ஆசிரியர் அறை வரைக்கும் ஓடியது. அதற்குப் பிறகு அவள் கையைத் தூக்கினால் எல்லோரும் அவசரமாகத் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிவிட்டு, ம், சிரி என்போம்.

எங்கள் பேட்ச் அப்படி. பதினான்கு, பதினைந்து வயதில் சிலருக்கு அது வந்தது. அதற்குப் பெயர் வைக்க யாருக்கும் தைரியம் இல்லை. உங்க பொண்ணுக்கு வந்துடுச்சா என்று அம்மாக்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொள்வார்கள். பி பிரிவில் ஒரு பையனுக்குக் கோபம் வந்தால் கரண்ட் போய்விடும். அவனைக் கணக்கு வாத்தியார் ராஜா, கண்ணு என்றுதான் கூப்பிடுவார். இன்னொருத்திக்குப் பயம் வந்தால் தெருநாய்கள் எல்லாம் ஒன்றாக ஊளையிடும். டாக்டரிடம் காட்டினால் வயசுக் கோளாறு, இருபதுக்குள் சரியாகிவிடும் என்றார்கள். எனக்கு எதுவும் வரவில்லை. அந்த நிம்மதியில் என் அம்மா மாடம்பாக்கம் சிவன் கோயிலில் அபிஷேகம் செய்தார்.

அவளுக்கு வந்தது சந்தோஷத்தில். அவள் மனசு நிறைந்தால் பக்கத்தில் இருக்கிற தண்ணீர் ஏறும், மனசு நொந்தால் இறங்கும். அவள் பிறந்தது கோவளம் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். அவளுக்குப் பதினான்கு வயதாகும்போது அவளுடைய மாமன் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. பந்தலில் எல்லோரோடும் சேர்ந்து ஆடியிருக்கிறாள். காற்று இல்லை, புயல் இல்லை, கடல் மட்டும் எழுந்து வந்து கரையில் காயப்போட்டிருந்த வலைகளையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. குப்பத்தில் யாரும் அவளைத் திட்டவில்லையாம். பெரியவர்கள் வந்து, பொண்ணக் கூட்டிக்கினு கடல வுட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போய் இரும்மா என்று அவள் அம்மாவிடம் தன்மையாகச் சொன்னார்களாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். கேட்டுக்கேட்டுச் சிரிக்கிற பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

அப்படி உள்ளே வந்தவர்கள் எங்கள் காலனிக்கு வந்தார்கள். வங்கி, பள்ளிக்கூடம், அரசாங்க ஆபீஸ் என்று சம்பளக்காரர்கள் சேர்ந்து வாங்கிய மனைகள் அவை. மலிவாகக் கிடைத்ததன் காரணம் வாங்கிய பிறகுதான் தெரிந்தது. ஏரிக்குப் பக்கத்தில், பள்ளத்தில் இருந்தது இடம். கோடையில் சொட்டுத் தண்ணீர் இருக்காது, மழையில் வீட்டுக்குள்ளேயே இருக்கும். நடுவில் ஒரு பொதுக் கிணறு. நலச் சங்கத்தின் செயலாளர் சார் அதன் உள்சுவரில் அடிக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டு வைத்திருந்தார். அவர் வீட்டுப் பின்பக்கத்து ஒற்றை அறையில்தான் அவளும் அம்மாவும் வாடகைக்கு இருந்தார்கள். அவள் அம்மா கேம்ப் ரோட்டில் கூடை வைத்து மீன் விற்றார். ஆனால் வீட்டில் மீன் சமைக்கக் கூடாது என்பது செயலாளர் சார் போட்ட முதல் நிபந்தனை.

நாங்கள் பிளஸ் ஒன் முடித்த கோடையில் கிணறு வறண்டது. ஒருநாள் டிவியில் ஏதோ பார்த்து அவள் தன்னை மறந்து சிரித்துவிட, கிணற்றில் நான்கு கோடு தண்ணீர் ஏறியது. அன்று சாயங்காலமே சங்கத்தைக் கூட்டினார்கள். தினம் ஒரு வீடு அவளைச் சிரிக்கவைப்பது என்று முறை போட்டார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளிக்கொண்டார்கள். ஒரு வீட்டிலிருந்து பலாச்சுளை வரும், ஒரு வீட்டிலிருந்து ஐஸ்க்ரீம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்து எதிரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் நகைச்சுவைத் துணுக்கு படிப்பார். மீன் தடைகூட ஜூன் கடைசி வரைக்கும் நீக்கப்பட்டது. அவள் அம்மாதான் ஒருநாள் பொறுக்க முடியாமல் செயலாளர் சாரை மறித்துக் கேட்டார்.

"எம்பொண்ணு இன்னா மோட்டாரா சார், சுச்சு போட்டா ஏத்துறதுக்கு?"

சார் முறைப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். மறுநாள் எங்கள் வீட்டு முறை.

அம்மா ஜவ்வரிசிப் பாயசம் வைத்து என்னிடம் கொடுத்து அனுப்பினார். நானும் அவளும் ஒரே வகுப்பு என்றாலும் அதுவரை அவ்வளவாகப் பேசியதில்லை. அவள் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வாடியிருந்தது. பாயசத்தைப் பார்த்ததும் பழக்கத்தில் பல்லைக் காட்ட ஆரம்பித்தாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒண்ணும் சிரிக்க வேண்டாம், சும்மா இரு என்று சொல்லிவிட்டுப் பாயசத்தை நானே குடித்தேன். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பேசாமல் கைப்பிடிச் சுவரில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தோம். எழுந்து போகும்போது எட்டிப் பார்த்தால் ஆறு கோடு மறைந்திருந்தது. தபால்காரருக்கே மூன்றுதான். என்ன சொல்லிச் சிரிக்கவைத்தாய் என்று செயலாளர் சார் துருவித் துருவிக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் குறித்துக்கொண்டார்.

மழை தொடங்கியதும் தீர்மானம் தலைகீழானது. இனி அவளை யாரும் சிரிக்கவைக்கக் கூடாது. பிள்ளைகள் அவள் வீட்டுப்பக்கம் விளையாடக் கூடாது. மீன் தடை திரும்பி வந்தது. அவள் இதையெல்லாம் ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. காலையில் பள்ளிக்குப் போக என் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். எல்லோரையும் மச்சி என்பவள், என்னை மட்டும் மச்சான் என்பாள்.

"இன்னா மச்சான், கெணறு எவ்ளோ கீது? சிரிக்கலாமா?"

நான் எட்டிப் பார்த்துக் கோடு எண்ணிச் சொல்வேன். சில நாள் ஓர் அடி குறைத்துச் சொல்லிவிடுவேன். அவள் சிரித்துப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

அவளிடம் ஒரு ரஃப் நோட் இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் ஏப்ரல் என்று தலைப்புப் போட்டு ஒரு பட்டியல் எழுதிக்கொண்டே வந்தாள். வேதியியலில் முதல் மதிப்பெண் வாங்கியது, அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது, கணக்கு வாத்தியார் ராஜா என்று கூப்பிட்டதற்கு ஹெட்மாஸ்டர் திரும்பிப் பார்த்தது. எல்லாம் அதில் இருக்கும். மழைக்காலத்தில் வருகிற சந்தோஷத்தையெல்லாம் எழுதி வைத்து, கோடையில் எடுத்துச் சந்தோஷப்பட்டுக்கொள்வாளாம். அதற்குள் ஆறிப்போய்விடாதா என்று கேட்டேன். ஆறினால் சூடு பண்ணிக்க வேண்டியதுதான் என்றாள். அப்படியும் அடக்க முடியாவிட்டால் பதினேழாம் வாய்ப்பாட்டை முணுமுணுப்பாள். அது யாருக்கும் சரளமாக வராது, அதனால் மனசு அதில் போய்விடும் என்பது அவள் கணக்கு.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. எங்கள் வீட்டு மாடியில் காயப்போட்ட துணிகளைத் தூறலுக்கு முன்னால் எடுத்துக்கொண்டிருந்தோம். போர்வையின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவள் கையில். மடிக்க மடிக்க இருவரும் கிட்டே வந்தோம். அப்போது சொல்லிவிட்டேன். எனக்கு உன்னைப் பிடிக்கும், ஃபிரெண்டு மாதிரி இல்லை, அந்த மாதிரி என்று. அவள் போர்வையை விடாமல் என்னையே பார்த்தாள். இதை ஏப்ரலுக்கு எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு வாய்ப்பாட்டைத் தொடங்கினாள். ஓர் பதினேழு பதினேழு, ஈர் பதினேழு முப்பத்து நாலு. ஆறு பதினேழில் நின்றுவிட்டது. "மச்சான், முடியல" என்று சொல்லிச் சிரித்தாள். எங்கள் தலைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு கொட்டியது. மோட்டாரை யாருடி நிறுத்தாமல் விட்டது என்று கீழேயிருந்து அம்மா கத்தினார். மோட்டார் ஓடவே இல்லை. மடித்த துணியெல்லாம் நனைந்து, நாங்களும் நனைந்து, கையைக் கோத்துக்கொண்டு நின்றோம். என் வாழ்க்கையில் அதற்கு ஈடாக இன்னொரு நாள் இன்றுவரை வரவில்லை.

கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் பெய்தது. ஏரி நிரம்பி, தண்ணீர் தெருவுக்கு வந்து, கீழ்வீடுகளுக்குள் நுழைந்தது. ஐந்தாம் நாள் மழை விட்டு வெயில்கூட அடித்தது. சேலையூர்ப் பக்கமெல்லாம் வடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். எங்கள் காலனியில் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. முந்தின நாள் முழுக்க நானும் அவளும் போனில் பேசியிருந்தோம். காலேஜில் ஒரே பிரிவு எடுப்பது, பிறகு வேறு ஊருக்குப் போய்விடுவது என்று. கிணறே இல்லாத ஊராகப் பார்க்க வேண்டும் என்றேன். அவள் சிரித்தாள். எனக்குத் தெரியும் அது ஏறும் என்று. ஆனாலும் நான் நிறுத்தவில்லை.

எங்கள் கீழ்வீட்டில் குடியிருந்த அக்காவுக்குக் குழந்தை பிறந்து பதினோரு நாள். அவர்களை மாடிக்குக் கொண்டுவந்து வைத்திருந்தோம். அன்று காலையிலிருந்து குழந்தைக்கு ஜுரம் கொதித்தது. பால் குடிக்கவில்லை, அழவும் இல்லை. தெருமுனையில் இடுப்பளவு தண்ணீர், நீரோட்டத்தின் இழுப்பு வேறு. படகுக்குச் சொல்லியும் வரவில்லை. செயலாளர் சார் குடையை ஊன்றிக்கொண்டு வந்து அம்மாவிடம் ஏதோ பேசினார். கிணற்றடியில் அன்று ஏறிய ஆறு கோட்டை அவர் மறக்கவே இல்லை. அவர் போனதும் அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உங்க ரெண்டு பேர் விஷயம் எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத. அவகிட்ட போய் அப்படி ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டு வா. அவ மனசு ஒடஞ்சாதான் தண்ணி இறங்கும்."

குழந்தை விஷயத்தைச் சொல்லாதே, சொன்னால் இது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிடும் என்றும் சேர்த்துச் சொன்னார். குழந்தையின் ஜுரம் நிஜம். என்னைப் பற்றி அம்மாவுக்கு இருந்த பயமும் நிஜம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எந்த மாங்காய்க்காக அந்தக் கல் என்று நான் அப்போது கேட்கவில்லை.

தொடையளவு தண்ணீரில் நடந்து போனேன். அவளும் அம்மாவும் செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். காலிக் கூடைகள் அறைக்குள் மிதந்துகொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. உடனே தண்ணீர் என் இடுப்புக்கு வந்தது. சாரி மச்சான் என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் சொன்னேன். எனக்கு அப்படி எதுவும் இல்லை, ஏதோ விளையாட்டுக்குச் சொன்னேன், நீயாக நினைத்துக்கொண்டாய் என்றேன். தண்ணீர் அசையவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பதற்றமாகிவிட்டது. குழந்தை அழாமல் கிடந்ததே கண்ணில் நின்றது. இன்னும் பலமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடி, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உங்க வீட்டுக்கு வந்தாலே மீன் நாத்தம். அதுகூட எனக்குப் பிடிக்காது."

அந்தக் கோடை முழுக்க அவள் அம்மா கையால் வஞ்சிரம் வறுவல் வாங்கிச் சாப்பிட்டவள் நான். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவள் அழவில்லை. நீயாகச் சொல்கிறாயா, யாராவது சொல்லச் சொன்னார்களா என்று மெதுவாகக் கேட்டாள். நானாகத்தான் என்றேன். சரி என்றாள். தண்ணீர் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்குவதை நின்று பார்த்தேன். கூடைகள் ஒவ்வொன்றாகத் தரையில் உட்கார்ந்தன. நான் வீடு திரும்பும்போது கணுக்கால்தான் நனைந்தது.

குழந்தையை ஆட்டோவில் தாம்பரத்துக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டது. சங்கத்தின் வாட்ஸப் குழுவில் எனக்கு வாழ்த்து போட்டார்கள். அம்மா கேசரி கிண்டி எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். நான் அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மறுவாரம் அவர்கள் அறையைக் காலி செய்துவிட்டார்கள். எங்கே போனார்கள் என்று கேம்ப் ரோட்டில் பக்கத்துக் கூடைக்காரம்மாவைக் கேட்டேன். தெரியாது என்றார். தெரிந்தாலும் என்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்த கோடையில் கிணறு அடிமண் தெரிய வறண்டது. ஆழ்துளைக் குழாய் போட்டுப் பார்த்தார்கள், புழுதிதான் வந்தது. செயலாளர் சார் எங்கள் வீட்டுக்கு வந்து, அவள் எங்கே இருக்கிறாள் என்று விசாரித்துப் போய், பழசை மறந்துவிடு என்று சொல்லிச் சிரிக்கவைத்துக் கூட்டிவர முடியுமா என்று என்னைக் கேட்டார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அம்மாகூட என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வருடங்கள் போய்விட்டன. இப்போது அம்மாவுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும். கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை. எனக்கு நடுவில் ஒருத்தி வந்தாள், போனாள். நல்லவள்தான். நான் எதையோ எப்போதும் அளந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போன தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு பெருங்களத்தூரில் அவளைப் பார்த்தேன். தெற்கே போகிற கூட்டம் சாலை முழுக்க நின்றது. நான் ஆபீஸ் வண்டியை விட்டு இறங்கி, மேம்பாலத்துக்குக் கீழே நடந்துகொண்டிருந்தேன். பை ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. அவளே முதலில் பார்த்தாள். நல்லா இருக்கியா என்று கேட்டாள். மச்சான் என்று சொல்லவில்லை. விழுப்புரம் தாண்டி ஏதோ ஓர் ஊரில் நர்ஸாக இருப்பதாகவும், அம்மா போன வருடம் தவறிவிட்டதாகவும் சொன்னாள். அது இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அன்றைக்கு இறங்கியதுதான், அதற்கப்புறம் ஏறவில்லை என்றாள். வயசுக் கோளாறு, போய்விட்டது என்று டாக்டர்கள் மாதிரியே சொன்னாள்.

பத்து வருடமாக மனசுக்குள் வைத்திருந்ததை ஹாரன் சத்தத்துக்கு நடுவில் சொன்னேன். அன்று சொன்னது பொய் என்று.

"தெரியும். நீ சொல்லிகினு இருக்கும்போதே தெரியும். உனக்குப் பொய் சொல்ல வராது."

அப்படியானால் தண்ணீர் ஏன் இறங்கியது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மொதல்ல சொன்னதெல்லாம் யாரோ சொல்லிக் குடுத்தது. மீன் நாத்தம்னு சொன்ன பாரு, அது நீயா சொன்னது. எங்கம்மா அதுக்கு அப்பால வூட்ல மீனே ஆக்கல."

காலில் விழுந்திருப்பேன், அந்தக் கூட்டத்தில் அதற்கும் இடமில்லை. ஏதாவது ஒரு நியாயம் என் பக்கம் இருக்க வேண்டும் என்று தவித்து, குழந்தை விஷயத்தைச் சொன்னேன். பதினோரு நாள் குழந்தை, ஜுரம், படகு வராதது, இப்போது அது நான்காம் வகுப்புப் படிக்கிறது என்பது, எல்லாவற்றையும். அவள் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. முதல் முறையாக அவள் முகம் மாறியது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத என்னாண்ட சொல்லியிருக்கலாமே. நானே அழுதிருப்பேன். நீ பக்கத்துல உக்காந்திருந்தா போதும்."

பேருந்து வந்துவிட்டது. ஜனம் முண்டியடித்தது. அவள் ஏறினாள், நான் பையைத் தூக்கி உள்ளே கொடுத்தேன். இடம் கிடைத்ததா என்று தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியெல்லாம் மூடியிருந்தது.